கீசரின் வாயை அடைக்காதீர்கள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் சாத்தாங்காடு பக்கத்து பிளம்பர்களுக்கு ஓயாத வேலை. "சார், கீசர் உறுமுது", "உள்ளே யாரோ கல்லை உருட்டுற மாதிரி இருக்கு, அம்மா பயப்படுறாங்க" என்று ஒரே அழைப்பு. வருகிற பிள்ளைகளில் கெட்டிக்காரர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் கிடைப்பது இரண்டு பதில்களில் ஒன்று. "பழசாயிடுச்சு, மாத்திடுங்க" என்பது ஒன்று. "அதெல்லாம் அப்படித்தான் இருக்கும் சார்" என்பது மற்றொன்று. இரண்டுமே சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்காமல் சொல்கிற பதில்கள் என்பது என் கட்சி.

வெந்நீர் போடும் சத்தம் நம் தலைமுறைக்குப் புதிதல்ல. வீட்டில் செம்பு பாய்லர் இருந்த காலம் நினைவிருக்கிறதா? நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரியும் சிராயும் தேங்காய் மட்டையும், சுற்றிலும் தண்ணீர். முதலில் மெல்லிய ரீங்காரம் கேட்கும், பிறகு இரைச்சல். நன்றாகக் கொதி வந்ததும் அந்த இரைச்சல் அடங்கிவிடும். அடியில் சூடேறிக் கிளம்பும் ஆவிக் குமிழி, மேலே இன்னும் சூடாகாத தண்ணீரில் பட்டு உடைவதுதான் அந்த இரைச்சல். முழுதும் கொதித்த பின் குமிழிகள் உடையாமல் மேலே வந்துவிடும். டீக்கடை பாய்லருக்குள் ஒரு காசைப் போட்டு வைத்திருப்பார்கள். கொதி வந்ததும் அது தாளம் போடும். சத்தத்தை வைத்தே பக்குவம் சொன்ன காலம் அது.

கீசரிலும் அதே கதைதான், கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். கடினத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து பிரிந்து காயிலின் மேல் படியும். நாளடைவில் அது ஓடு மாதிரி ஆகிவிடும். ஓட்டுக்கும் காயிலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட துளித் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி, ஆவியாகி, வெடித்து வெளியே வருகிறது. அந்தப் "பட் பட்" சத்தமும் உறுமலும் இதுதான். கல் உருட்டுவது போலக் கேட்டால் பெயர்ந்து விழுந்த சுண்ணாம்புத் துண்டுகளும் தொட்டியின் அடியில் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பல்லில் படிவதற்கும் கெட்டிலில் படிவதற்கும் பிரெஞ்சில் ஒரே சொல், தார்த்ர். தமிழ் மட்டும் என்ன குறைச்சலா? பல்லில் படிவதைப் பற்காரை என்கிறோம், சுண்ணாம்புச் சாந்தும் காரைதான். (ஊர்ப்பெயரில் இருக்கும் காரையைப் பற்றி ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.) பல்லில் காரை படிந்தால் சுரண்டிச் சுத்தம் செய்துகொள்கிறோம். உடனே பல்லைப் பிடுங்கிப் புதுப் பல் கட்டு என்று சொல்லும் டாக்டரிடம் மறுபடி போவோமா?

நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது 1960-களின் கடைசியிலேயே கண்டறியப்பட்டது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் அளவில். ஆனாலும் பல வீடுகளில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே மாடித் தொட்டியில்தான் கலக்கின்றன. ஒன்றைக் கவனியுங்கள்: உப்பு வேறு, கடினம் வேறு. உப்பு தொட்டியை அரிக்கும், கடினம் காயிலை மூடும். சோப்பு நுரைக்காவிட்டால், வாளியில் வெள்ளைத் திட்டு படிந்தால், கீசருக்குள்ளும் அதேதான் நடக்கிறது. காயிலைக் கழற்றிச் சுரண்டி, தொட்டியின் அடியைக் கழுவி, ஆனோடு ராடு தேய்ந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். 75 டிகிரியில் கொதிக்க வைத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதைவிட 60-ல் வைத்தால் படிவும் குறையும், கரண்டும் மிச்சம்.

மற்ற சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "டிக்" என்றால் தெர்மோஸ்டாட், கவலை வேண்டாம். குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் "டங்" என்றால் ஓடி வந்த தண்ணீர் முட்டுகிறது. குழாயின் கிளாம்ப்பை இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சுவிட்சிலோ பிளக்கிலோ "சிர்ர்" என்று கேட்டால் மட்டும் உடனே மெயினை அணையுங்கள். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். லூஸ் கனெக்‌ஷன் அதைத் தாங்காது.

இனி எனக்குக் கோபம் வரும் விஷயத்துக்கு வருகிறேன். கீசர் சூடாகும்போது அடியில் உள்ள வால்விலிருந்து தண்ணீர் சொட்டும். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போனால் சுமார் 400 மில்லி விரிவடையும், அதாவது இரண்டு டம்ளர். வந்த வழியே திரும்ப முடியாதபடி ஒருவழி வால்வு இருக்கும் வீட்டில் அது எங்கே போகும்? சேஃப்டி வால்வு வழியாகத்தான் சொட்டும். சொட்ட வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், தரை ஈரமாகிறது என்று சொன்னதற்கு ஒருவர் அதன் வாயில் டம்மி மாட்டி அடைத்துவிட்டுப் போயிருந்தார். எழுபது வயதுத் தம்பதி குளிக்கும் இடத்துக்கு நேர் மேலே! தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒருநாள் சேர்ந்து வேலை செய்யாமல் போனால் அந்தத் தொட்டி குண்டுக்குச் சமம். அன்றே கழற்ற வைத்தேன். ஆறிய பிறகும் தண்ணீர் நிற்காமல் ஊற்றினால் வால்வு கெட்டிருக்கலாம், அல்லது பிரஷர் பம்ப்பின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். வால்வை மாற்றுங்கள், பம்ப்பைக் குறையுங்கள். அடைக்காதீர்கள்.

இந்த வால்வு யார் மூளையில் உதித்தது என்று பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். தெனி பப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் மூடிய பாத்திரத்தில் ஆவியில் சமைத்துக் காட்டியவர். நம் குக்கருக்கு அதுதான் பாட்டன். பாத்திரம் வெடிக்காமலிருக்க அவர் வைத்த ஏற்பாடுதான் சேஃப்டி வால்வு. குக்கர் வால்வை யாராவது அடைத்தால் சமையலறையை விட்டு ஓடிவிடுவோம். கீசரில் அடைத்தால் கூலி கொடுத்து அனுப்புகிறோம்.

குமாஸ்தா புத்தி, சட்டத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1923-ஆம் வருடத்து பாய்லர் சட்டப்படி 25 லிட்டரோ அதற்கு மேலோ கொள்ளும் ஆவிக் கொதிகலன் என்றால் பதிவு, இன்ஸ்பெக்டர், சான்றிதழ் எல்லாம் உண்டு. 2025-ல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு அது பொருந்தும். நம் வீட்டு கீசர் ஆவி தயாரிப்பதில்லை, அதனால் இன்ஸ்பெக்டர் வர மாட்டார். அந்த வேலை நம்முடையது. வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்ததும், ஆள் வைத்துப் பாருங்கள். பகலில் இரும்புச் சந்தை டிரெய்லர் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. விடியற்காலையில் கீசரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று கேளுங்கள். நம் வயதில் மெல்லிய "சிர்ர்" காதில் விழாது, பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பற்றும்போது "டப்" என்று பெரிதாகக் கேட்டால் கேஸ் சேர்ந்த பிறகு தாமதமாகப் பற்றுகிறது, பர்னரைச் சுத்தம் செய்யுங்கள். ஆனால் அதில் ஆளைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு; அதற்குச் சத்தமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் அதை மாட்டியிருந்தால் இந்த வாரமே கழற்றி வெளியே மாட்டுங்கள்.