எடைக்குப் போகாத செம்பு

பணிமாற்றத்தின் பொருட்டு ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களுக்குப் பித்தளைப் பாத்திரங்கள் பெருஞ்சுமை. எங்கள் குடும்பமும் அத்தகையதே. மூன்றாம் முறை வீடு மாற்றியபோது, பாட்டி சீராகக் கொண்டுவந்த அண்டா, தவலை, குடம் அனைத்தையும் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டோம். கடைக்காரர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத் தராசில் வைத்தார். பெயர் வெட்டிய பாத்திரத்திற்கும் பெயரில்லாத பாத்திரத்திற்கும் ஒரே விலை. அந்தப் பணத்தில் என்ன வாங்கினோம் என்பது இன்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. நூல்கண்டுகளும் ஊசிகளும் இட்டு வைத்திருந்ததால் கண்ணில் படாமற்போன ஒரு செம்பு மட்டும் எங்களுடன் வந்து சேர்ந்தது.

அச்செம்பைப் பல ஆண்டுகளுக்குப் பின் மறுபடி கையில் எடுத்துப் பார்க்கச் செய்தது ஓர் அறிக்கை. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பை ஏற்று இந்நாட்டில் பயணம் செய்து, 1958இல் எழுதி அளித்தது அது. இந்தியத் தொழில்களுக்கு எத்தகைய வடிவமைப்புக் கல்வி தேவை என்பதே அவர்களிடம் கேட்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அவர்கள் இந்தியாவில் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்ததெனவும் அழகியதெனவும் போற்றியது கோயிற் சிற்பத்தையோ அரண்மனை நகையையோ அன்று. வடநாட்டார் லோட்டா என்று வழங்கும் சாதாரணச் செம்பைத்தான்.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. இத்தகைய ஒரு கலத்தைப் புதிதாக வடிவமைக்க வேண்டுமாயின் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நீண்ட பட்டியல் ஒன்றையும் தந்தனர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், கைக்கும் இடுப்புக்கும் எவ்வாறு பொருந்த வேண்டும், நிறைந்திருக்கையிலும் வெறுமையாயிருக்கையிலும் எவ்வாறு நிலைகொள்ளும், ஊற்றுவதற்கும் துலக்குவதற்கும் வாய் எந்த அளவில் அமைய வேண்டும், வெயிலில் எவ்வாறு தோன்றும், எதன்மீதேனும் மோதினால் எத்தகைய ஓசை எழும் என்றெல்லாம் அப்பட்டியல் நீள்கிறது. இவ்வளவுக்கும் விடையாக அமைந்த ஒரு பொருளை எந்தத் தனிமனிதரும் வடிவமைத்திருக்க இயலாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் கூடிச் செதுக்கிய வடிவம் அது என்பது அவர்களது முடிவு.

பழைய உலோகமாக விற்றால் அதற்கு என்ன மதிப்பு என்ற வினாவும் அப்பட்டியலில் உண்டு. ஆகவே பாத்திரக் கடைக்காரரின் தராசு கேட்டது தகாத கேள்வி அன்று. நாங்கள் அந்த ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டதுதான் பிழை.

வீடு மாற்றி நாங்கள் சென்ற ஊர் சண்டிகர். லெ கார்புசியேயின் திட்டப்படி, கோடு கிழித்தாற்போல் எழுப்பப்பட்ட நகரம். அங்கே பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றியவர் நேக் சந்த். பிரிவினையின்போது சொந்த ஊரை விட்டு வந்தவர். புதிய நகருக்காகப் பழைய சிற்றூர்கள் இடிக்கப்பட்டபோது சிதறிக் கிடந்த உடைந்த ஓடுகள், பீங்கான் துண்டுகள், வளையல் துணுக்குகள் ஆகியவற்றை 1950களின் பிற்பகுதியிலிருந்து அவர் பொறுக்கிச் சேர்க்கத் தொடங்கினார். அலுவல் முடிந்த பின்னர், சுக்னா ஏரிக்கு அருகே எவரும் கட்டடம் எழுப்பக் கூடாதெனத் தடை செய்யப்பட்ட காட்டுப் பகுதியில், ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் மறைவாக உழைத்து ஒரு சிலையுலகத்தையே படைத்தார். சைக்கிள்தான் அவருடைய வண்டி. 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்ணில் அது பட்டபோது சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்கலாம். ஆயினும் மக்களின் ஆதரவால் தப்பியது. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அரசு ஊழியர் ஒருவர் அரசு நிலத்தில் அத்துமீறியதை அரசே போற்றி வளர்த்த கதை நம் நாட்டில் மிக அரிது.

அந்தப் பாறைத் தோட்டத்திற்கு விடுமுறை நாள்களில் நாங்கள் பலமுறை சென்றிருக்கிறோம். உடைந்த வளையல்களாலேயே உடல் முழுதும் போர்த்திய பெண்ணுருவங்கள் வரிசையாக நிற்கும். அவ்வளையல்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தியின் கையில் உடைந்து குப்பைக்குச் சென்றவை. தராசுக்குக்கூடத் தகுதியற்றவை. தேவையற்றதென எறிவதற்கு முன் இன்னும் ஒருமுறை பார்த்தவர் அவர் ஒருவரே.

வங்காளத்துக் காந்தாவும் இவ்வகையினதே. பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூல் உருவி, ஓட்டுத்தையலால் தைத்த போர்வை அது. குளிருக்கு வேண்டியதாயிருந்தது, தைத்தார்கள். தைக்கும்போது ஒரு தாமரையையும் சேர்த்தார்கள்.

கலையைப் பணம் தீண்டலாகாது என்று நாம் கூற வரவில்லை. பீகாரின் மிதிலைப் பகுதியில் பெண்கள் திருமண அறைச் சுவர்களில் ஓவியம் தீட்டிவந்தனர். 1934 ஜனவரி நிலநடுக்கத்தில் சுவர்கள் இடிந்து வீடுகளின் உட்புறம் வெளியே தெரிந்தபோதுதான், மதுபனியில் பணியாற்றிய ஆங்கில அதிகாரி டபிள்யூ.ஜி.ஆர்ச்சர் அவற்றைக் கண்டு வியந்தார். 1966-67 வறட்சியின்போது அகில இந்தியக் கைவினை வாரியம் அப்பெண்களுக்குத் தாள்களைக் கொடுத்து வரையச் செய்தது. அடுப்பெரிய அவ்வோவியங்கள் உதவின. அவர்களுள் ஒருவரான ஜகதம்பா தேவி 1975இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பணம் இங்கே ஒரு கலைக்கு வாழ்வளித்தது. மறுப்பதற்கில்லை.

ஆனால் வாங்குவோர் எவருமில்லாத தலைமுறைகளிலும் அச்சுவர்கள் தீட்டப்பட்டே வந்தன என்பதை மறந்துவிடுகிறோம். குழந்தை ஒன்று சுவரில் கிறுக்கினால் அதட்டுகிறோம். நன்றாக வரைந்தாலோ, போட்டியில் பரிசு கிடைக்குமா, பின்னாளில் வருமானம் வருமா என்று கேட்கிறோம். ஓய்வு பெற்றவர் மரவேலையில் இறங்கினால், விற்கலாமே என்பதுதான் நாம் சொல்லும் முதற் பாராட்டு. அன்பினால் சொல்வதுதான். எனினும் அதுவும் எடை போடுதலே. விற்காத பூவேலையும் எவரும் பாராத கோலமும் வீண் என்னும் எண்ணம் வீட்டில் புகுந்துவிட்டால், கைகள் மெல்ல ஓய்ந்துவிடும். கோலத்தையே ஸ்டிக்கராக வாங்கி வாசலில் ஒட்டுவதற்கு நேரமின்மை மட்டுமே காரணம் என நமக்குத் தோன்றவில்லை.

நேரம் எங்கே என்று கேட்பவர்களிடம் வாதிட நமக்கு விருப்பமில்லை. அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. நேக் சந்துக்கும் பகலில் அலுவல் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கலாம்.

சென்ற மாதம் எங்கள் வீட்டுச் சிறுமி, அந்தச் செம்பிலிருந்த நூல்கண்டுகளைப் பாயில் கொட்டிவிட்டு, இதில் எத்தனை தம்ளர் தண்ணீர் பிடிக்கும் என்று கேட்டாள். மூன்று தலைமுறையாக வீட்டிலிருக்கும் பாத்திரம். எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை. புளியிட்டுத் துலக்கி, நீர் நிரப்பிப் பார்த்தோம். நான்கு தம்ளர் பிடித்தது. ஊற்றி முடித்தபோது கழுத்தின் வழியே ஒரு சொட்டும் வழிந்திருக்கவில்லை.