அனுமதிச் சீட்டும் அறநெறியும்

உதைபந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர் என்பதையும், அவர் ஆடும் களத்தின் அளவையும் விதிநூல் வரையறுத்திருக்கின்றது. அவ்வீரரைப் பின்பற்றிக் கடல் கடந்து வரும் ஆதரவாளருக்கு அரங்கில் எத்துணை இடம் என்பதை அந்நூல் கூறுவதில்லை. அதனைப் போட்டி அமைப்பாளரே தீர்மானிக்கின்றனர். அத்தீர்மானம் நீதி வழுவாது அமைகின்றதா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் வினா.

நமது நாட்டு அணி உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் ஒருபோதும் ஆடியதில்லை; நமக்கு ஏன் இக்கவலை என்பார் உளர். ஆயின் நாடி வந்த விருந்தினரை எவ்வாறு நடத்துவது என்பது, கல்லூரி மைதானத்தில் விளையாட்டைப் பயின்ற ஒவ்வொருவருக்கும் உரிய வினாவன்றோ?

1998ஆம் ஆண்டுப் போட்டி பிரான்ஸில் நடைபெற்றது. அதற்கென 1996, 1997ஆம் ஆண்டுகளில் விற்கப்பட்ட ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுக்களை, பிரான்ஸில் முகவரி உடையோரே வாங்க முடிந்தது. முதன்முறையாக இறுதிச் சுற்றை எட்டிய யப்பான், ஜூன் 14ஆம் திகதி துலூஸ் நகரில் ஆர்ஜென்டீனாவை எதிர்த்து ஆடியது. பிரயாண முகவரிடம் பணம் செலுத்திவிட்டு உலகின் மறுகோடியிலிருந்து வந்த யப்பானியர் பலர், வாக்களிக்கப்பட்ட சீட்டுக் கிடையாமல் வாயிலின் புறத்தே நின்றனர். 1999இல் ஐரோப்பிய ஆணைக்குழு, அமைப்புக் குழுவின் விற்பனை முறை வெளிநாட்டாருக்குப் பாரபட்சமானதெனத் தீர்ப்பளித்தது. விதித்த தண்டமோ ஆயிரம் யூரோ! முன்னைய போட்டிகளின் முறையை ஒத்தே குழு நடந்துகொண்டது என்பதும் தண்டம் பெயரளவில் நின்றதற்குக் காரணமாயிற்று. வழக்கம் என்பது அநீதிக்குப் போர்வையாகலாமோ?

சீட்டுப் பங்கீடு வசதியைப் பற்றிய விடயம் மாத்திரமன்று, உயிரைப் பற்றியதுமாகும். 1985 மே 29ஆம் திகதி பிரஸ்ஸெல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில், லிவர்பூல், யுவென்டஸ் கழகங்கள் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு வந்தன. லிவர்பூல் ஆதரவாளருக்கு அயலில் நடுநிலையாளருக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அப்பகுதிச் சீட்டுக்களோ கைமாறி இத்தாலியர் பலரிடம் சேர்ந்தன. ஆட்டம் தொடங்குமுன் மூண்ட தாக்குதலில் மக்கள் நெருக்குண்டு, சுவர் இடிந்து, 39 பேர் மாண்டனர். கலகம் விளைத்தோரின் குற்றமும் அரங்கின் பழுதும் பெரியனவே. ஆயினும் எச்சீட்டு எவர் கையைச் சேர்கின்றது என்பதைக் காவாதவிடத்து, ஒதுக்கீடு வெறும் காகிதக் கோடாகிவிடும் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

இன்று பங்கீட்டுக்கு வரையறை உண்டு. 2026ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கென, ஒரு நாடு ஆடும் ஒவ்வோர் ஆட்டத்திலும் நூற்றுக்கு 8 சீட்டுக்கள் அந்நாட்டுச் சங்கத்துக்கு ஒதுக்கப்பட்டன. பங்கு கிடைத்தது, விலையோ கைக்கெட்டவில்லை. போட்டியை நடத்த உரிமை கோரிய விண்ணப்பத்தில் 21 டொலர்ச் சீட்டுக்கள் பேசப்பட்டிருந்தன. 2025 டிசெம்பரில் வெளியான பட்டியலிலோ, ஆதரவாளர்க்குரிய பங்கில் இறுதியாட்டத்தின் மிகக் குறைந்த விலை 4,185 டொலர்! ஐரோப்பிய ஆதரவாளர் அமைப்பு வெகுண்டெழுந்தபின், அம்மாதமே சங்கங்களின் பங்கில் நூற்றுக்குப் பத்தை 60 டொலருக்கு வழங்க உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இணங்கியது. ஐம்பதாயிரம் இருக்கைகள் உள்ள அரங்கில் ஒரு நாட்டின் பங்கு 4,000. அவற்றுள் 60 டொலர்ச் சீட்டு 400. எஞ்சியோர் கதி என்னை?

விலை ஏறினும் வாங்குவார் உளர் என்றும், வரும் பணம் உலகெங்கும் உதைபந்தாட்டத்தை வளர்க்கவே செல்கின்றது என்றும் கூறுவர். அவ்வாதத்தை யாம் முற்றும் மறுக்கவில்லை. ஆயின் அரங்கின் ஆரவாரத்தை உண்டாக்குபவர் ஆதரவாளர். அவ்வாரவாரம் நிறைந்த காட்சியே ஒளிபரப்பாளருக்குப் பெரும்பொருளுக்கு விற்கப்படுகின்றது. பண்டத்தை ஆக்குவதில் பங்கு கொண்டோரிடமே அதன் உச்ச விலையையும் அறவிடுதல் நியாயமாகாது.

எமது கருத்து இதுவே: வெளிநாட்டு ஆதரவாளரின் பங்கு போட்டி விதிகளிலேயே உறுதிசெய்யப்படல் வேண்டும். அப்பங்கின் பெரும்பகுதிக்கு, சாதாரண ஊழியரும் சேமித்து வாங்கத்தக்க நிலையான விலை வேண்டும். சங்கங்கள் சீட்டுக்களைப் பகிரும்போது, பன்னெடுங்காலம் அணியைப் பின்தொடர்ந்தோருக்கு முதன்மை அளிப்பது முறையே. ஆயினும் அஃதொன்றே அளவுகோலாயின் இளைஞருக்கு என்றும் வாயில் திறவாது. ஆதலின் ஒரு கூற்றைத் திருவுளச்சீட்டு முறையில் அவர்க்கு வழங்குதல் நன்று. வர இயலாதோர் தம் சீட்டை வாங்கிய விலைக்கே பிறரிடம் ஒப்படைக்கவும் வழி வேண்டும்.

எதிரணிக்குக் கைதட்ட ஒருவருமில்லாத அரங்கில் ஈட்டும் வெற்றி அரை வெற்றியே. நமது மைதானத்துக்கு மாற்றுக் கல்லூரியார் வரும் நாளில், அவரைப் பின்தொடர்ந்து வரும் சிறுவருக்கும் எல்லைக் கோட்டருகே இடம் விட்டு நிற்றலே பண்பு. இவ்வெளிய நெறியை உலகப் பேரரங்குகளும் கடைப்பிடித்தல் வேண்டும்.