மலாக்காவுக்கு வந்தவன் வீட்டைத் தேடி

பேராக்கிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். மணமாகி நாற்பது ஆண்டு நிறைகிறதாம். பிள்ளைகள் மண்டபம் எடுத்து விருந்து வைக்கத் துடிக்கிறார்களாம். "அந்தப் பணத்தில் நாங்கள் இருவரும் எங்காவது போய் வந்தால் ஊரார் சிரிப்பார்களா ஐயா?" என்று கேட்கிறார்.

சிரிப்பார்கள், அம்மா. எங்களைப் பார்த்தும் சிரித்தார்கள். 2024 பிப்ரவரியில் நானும் என் வீட்டுக்காரியும் போர்ச்சுகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனுக்குப் போய் ஐந்து இரவு தங்கி வந்தோம். நான் தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தவன். அவள் இருபத்தேழு ஆண்டு பால் வெட்டியவள். "காசிக்குப் போனாலும் ஒரு நியாயம் உண்டு. இதென்ன ஊர்?" என்று எங்கள் சம்பந்தியம்மாளே கேட்டார்.

காரணம் பழையது. எண்பதுகளில் ஒரு முறை தோட்டத்துக் கோயில் கமிட்டி பஸ் பிடித்து எங்களை மலாக்காவுக்கு அழைத்துப் போனது. மலைச் சரிவில் நிற்கிறதே பழைய கோட்டை வாசல், அதன் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அப்போது அவள் கேட்டாள்: "இந்தக் கோட்டையைக் கட்டினவன் எங்கேருந்துங்க வந்தான்? அவன் ஊர்ல சோறு இல்லையா?" அங்கிருந்த பலகையைப் பார்த்து, "போர்த்துகீசியன், 1511இல் வந்தான்" என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. நாற்பதாம் ஆண்டுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது, "அந்தக் கோட்டைக்காரன் ஊரைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

பெரியவனுக்குக் கோபம். அம்மாவின் முழங்கால் வைத்தியத்துக்கு என்று சேர்ந்திருந்த சீட்டுப் பணம் அது. "கால் வலியோடு மலை ஏறப் போறீங்களா?" என்றான். அவன் கேட்டதில் தவறில்லை. எனக்கே இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. அவள்தான், "கால் இன்னும் நடக்குது. நடக்கும்போதே போய்ட்டு வந்துடறேன்" என்று முடித்து வைத்தாள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் எல்லாரும் கேட்பீர்கள். பிப்ரவரி அங்கே குளிரும் மழையும். வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்றாத மாதம். அதனால் டிக்கெட்டும் அறையும் மலிவு. துபாயில் விமானம் மாறிப் போக இருவருக்கும் ஏழாயிரம் வெள்ளி. அறை ஓர் இரவுக்கு 45 யூரோ. அப்போது ஒரு யூரோ நம் ஐந்து வெள்ளிக்குச் சற்று மேல். நம் கடப்பிதழுக்கு அங்கே விசா கேட்கவில்லை. எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. மண்டபச் செலவை நீங்களே கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள்.

அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. இதை முன்பே கேட்டுத் தெரிந்து கொள்ளாதது என் குற்றம். அவள் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பற்றி ஏறினாள். வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். கறுப்பு உடை, ஆங்கிலம் அரைகுறை. எங்கள் கையில் ஒரு சாவியை வைத்து, "ஷாவ்" என்றார். என் வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சன்னலைத் திறந்து காட்டி "ஜனெலா" என்றார். மேசையைத் தட்டி "மேஸா" என்றார். அலமாரிக்கு "அர்மாரியு". வாசலில் கழற்றிப் போட்ட எங்கள் சப்பாத்தைக் காட்டி "சப்பாத்து" என்றாரே பார்க்கலாம்!

"என்னங்க, இந்தம்மா தமிழ்ல பேசுது!" என்றாள் இவள்.

அந்த அம்மாள் தமிழ் பேசவில்லை. நாம்தான் ஐந்நூறு ஆண்டாக அவர்கள் சொல்லையும் பேசிக் கொண்டிருக்கிறோம். சாவி, சன்னல், மேசை, அலமாரி, அன்னாசி, பீப்பாய் எல்லாம் அவர்கள் கப்பலில் வந்து தமிழில் இறங்கியவை. மலாயும் தப்பவில்லை. மந்தேகா, கேஜு, துவாலா, பெண்டேரா, கெரேஜா எல்லாம் அங்கிருந்து வந்தவையே. அன்று மாலைக்குள் இவளும் அந்த அம்மாளும் அடுப்படியில் ஒவ்வொரு சாமானாகத் தொட்டுப் பேர் சொல்லிச் சிரித்துக் கொண்டிருந்தார்கள். நான் நடுவில் போனால் விரட்டினார்கள்.

இவள் பெட்டிக்குள் ஒரு சின்ன ரைஸ் குக்கரை ஒளித்து வைத்திருந்தது அங்கேதான் எனக்குத் தெரியும். ஆனால் நம் பிளக்குக்கு மூன்று தட்டைக் கால். அங்குள்ள துளைகளோ உருண்டையாய் இரண்டு. மாற்றுக் கட்டை வாங்கும்வரை குக்கர் சும்மா கிடந்தது. பக்கத்தில் மார்த்திம் மொனிஸ் என்ற சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் கடை வைத்திருக்கிறார்கள். அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் எல்லாம் அங்கே கிடைத்தன. இரண்டு வேளை அறையில் சோறு, ஒரு வேளை வெளியில் ரொட்டியும் சூப்பும். பர்சைக் கடிக்காதது இதனால்தான்.

மூன்றாம் நாள், 15ஆம் எண் டிராமில் ஏறி ஆற்றங்கரையோரமாகப் பெலேம் போனோம். நாள் முழுக்க டிராம், பஸ், மெட்ரோ எதிலும் ஏறி இறங்க அப்போது சுமார் 7 யூரோவுக்கு ஒரு சீட்டு இருந்தது. 1497இல் வாஸ்கோ ட காமா கப்பலேறிய இடம் பெலேம். மறு ஆண்டு கோழிக்கோட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தான். அங்கே ஜெரோனிமோஸ் என்றொரு பெரிய மடம். சுண்ணாம்புக் கல்லில் கப்பல் கயிறும் முடிச்சுமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மடத்துக்குள் போகக் காசு. தேவாலயத்துக்குள் மட்டும் போக அப்போது காசில்லை, வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது. நின்றோம். உள்ளே நுழைந்ததும் அவன் சமாதி. கைகூப்பிய கற்சிலை, பக்கத்தில் செதுக்கிய ஒரு கப்பல். 1524இல் கொச்சியில் செத்தவன் எலும்பை 1880இல் இங்கே கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை நான் முன்பே படித்து வைத்திருந்தேன். ஆப்பிரிக்காவிலும் கீழை நாடுகளிலும் நடந்த வாணிபத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் வரி. மிளகு, இலவங்கம், பட்டை இவற்றின் பணம் மட்டும் இதில் சேராது. இதைச் சொன்னேன். அவள் கூரையை நிமிர்ந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"நூத்துக்கு அஞ்சுல இவ்வளவு பெரிய கோயில்னா, மிச்சத் தொண்ணூத்தஞ்சு எங்கங்க போச்சு?"

இருபத்தேழு ஆண்டு தினமும் பால் நிறுக்கையில் தராசு முள்ளையே பார்த்து நின்றவள் வேறெப்படிக் கேட்பாள்? எனக்குத் தெரிந்த ஒரு பங்கைச் சொன்னேன். மலாக்காவைப் பிடித்த அல்புகர்க்கு, கொள்ளைப் பொருளை ஏற்றிக் கொண்டு திரும்பிய 'ஃபிளோர் டி லா மார்' என்ற கப்பல் 1511லேயே சுமத்திராவுக்கு அருகே மூழ்கிப் போனது. அவன் பிழைத்தான். பக்கத்துப் பூங்காவில் உயரமான தூண்மேல் நிற்கிறான். அவனை அவள் ஒருமுறை பார்த்தாள். "சரி, வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

வெளியே வந்து பெலேமின் பேர் போன முட்டைக் கேக்குத் தின்றோம். நம்மூர்ச் சீனர் கடையில் கிடைக்கிறதே எக் டார்ட், அதன் மூத்த அண்ணன். 1837 முதல் அந்தக் கடை நடக்கிறதாம். சூடாக இருந்தது. மேலே பட்டைத் தூள் தூவிக் கொள்ளலாம். "இந்தப் பட்டையும் நம்ம பக்கத்துதுதானே" என்றாள்.

ஊர் முழுக்க மேடு. நடைபாதை வெள்ளைக் கற்கள் மழையில் வழுக்கும். நான்காம் நாள் அல்ஃபாமா என்ற பழைய பகுதியில் அவள் கால் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். என் நெஞ்சு அடைத்துப் போயிற்று. பெரியவன் முகம்தான் கண்முன் வந்தது. ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த கிழவி எழுந்து வந்து, தன் நாற்காலியிலேயே இவளை உட்கார்த்தி, முழங்காலைத் தேய்த்து விட்டார். தலைக்கு மேலே சன்னலுக்குச் சன்னல் கொடி கட்டித் துணி காய்ந்து கொண்டிருந்தது. நம் லயத்தேதான். அரை மணி கழித்து இவள் தானாகவே எழுந்தாள். காசு கொடுக்கப் போனேன். கிழவி என் கையைத் தட்டிவிட்டார்.

அந்த அல்ஃபாமாவின் பெரும் பகுதி 1755 நவம்பர் 1 நிலநடுக்கத்துக்குத் தப்பியது. கீழே ஆற்றோரப் பகுதி குலுக்கலிலும் கடல் பொங்கியதிலும் தீயிலும் அழிந்து, பிறகு நூல் பிடித்தாற்போல் நேர் தெருக்களாகக் கட்டப்பட்டது. கடைசி நாள் அங்கே மெல்ல நடந்தோம். 28ஆம் எண் மஞ்சள் டிராமிலும் ஏறினோம். கூட்டத்தில் பையைத் திருடுவோர் உண்டு, சகோதரி. பணத்தை இடுப்பில் முடிந்து கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் பெரியவன் முதலில் அவள் காலைத்தான் பார்த்தான். வீக்கம் இருந்தது. மறு வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போனான். வழியெல்லாம் திட்டு. அவள் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்து சாய்ந்து உட்கார்ந்தவள் என்னிடம் கேட்டாள்:

"அந்தக் கப்பக்காரன் வந்து எறங்கின கோழிக்கோடு இருக்கே, அது கிட்டத்தானே? டிக்கெட் என்ன வெலைங்க?"