ஒரு திருகாணியில் தீருமா?

"இ20 பெட்ரோல் வந்தால் என்ன? பழைய பென்ஸில் ஒரு திருகாணியைத் திருப்பினால் தீர்ந்தது" என்கிறார் எளாவூர் நண்பர். பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எனவே, இ20 போல எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய அளவிலேயே விட்டால் காற்று-எரிபொருள் கலவை மெலியும். இதுவரை அவர் கட்சி சரி.

அவர் சொல்லும் திருகாணி, 1973இல் பாஷ் கொண்டுவந்த கே-ஜெட்ரானிக் என்ற எரிபொருள் தெளிப்பு அமைப்பில் இருப்பது. 3 மி.மீ. ஆலன் சாவியை வலப்புறம் துளி அசைத்தாலே கலவை செறியும். கால் சுற்றே அதிகம். சாவியை உருவாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உள்ளே நெம்புகோல் வளையும் (வளைத்தவர்கள் வெளியே சொல்வதில்லை). அந்தத் திருகாணியும் பெரிதாகச் சரிசெய்வது ஐடிலிங் கலவையைத்தான். எளாவூர் சோதனைச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது வண்டி சீராக ஓடும். நெடுஞ்சாலையில் ஏறியதும் கலவையை ஆள்வது கன்ட்ரோல் பிரஷர் எனும் எரிபொருள் அழுத்தம். அதை அளக்க மீட்டர் வேண்டும், காது போதாது.

அடுத்து ஈரம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். பழவேற்காட்டு ஏரிக் காற்றில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த காரில் எரிபொருளைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மயிரிழைப் பிளவுகள் துருவேறினால் எந்தத் திருகாணி காக்கும்? பழைய ரப்பரையும் எத்தனால் கெடுக்கும்; குழாய்களை அதைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றச் சொன்னால், "வீண் செலவு" என்கிறார். டிஸ்ட்ரிப்யூட்டர் என்ன விலை என்று விசாரித்துவிட்டா சொல்கிறார்?