நாரி நோவும் கிட்னிப் பயமும்



நாரி நொந்தால் "கிட்னி போயிட்டோ" என்று பயப்படுவது வவுனியாவில் நமக்குப் பழகிப்போன விஷயம். காரணமில்லாமலும் இல்லை, சிறுநீரக நோய் கண்ட மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. ஆனால் அந்த நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் நோவே காட்டாது.

நம்மவர் நாரி நோவுக்கு அனேகமாகக் காரணம் வேலைதான். நாள்முழுக்கக் குனிந்து களை பிடுங்குகிறோம். 50 கிலோ உர மூட்டையை ஒரே தூக்கில் தோளில் ஏற்றுகிறோம். போதாததற்கு முதுகில் மருந்து டாங்கி, லான்ட்மாஸ்டர் உதறல் வேறு. தசை பிடிக்காமல் என்ன செய்யும்? டிஸ்க் விலகுவதும் உண்டு, ஆனால் குறைவு. ருகூஉக்குக் குனிய முடியாத இளைஞர்கள் பள்ளியில் கதிரை தேடுகிறார்கள். (அவர்களைப் பார்த்து முணுமுணுக்க வேண்டாம்.)

கவலை வேறிடத்தில். துண்டில்லாமல் பாமசியில் டைக்குளோபினாக் வாங்கி மாதக்கணக்காய் விழுங்குகிறோம். அதுவும் கிட்னியைக் கெடுக்கலாம். சந்தேகமென்றால் இரத்தமும் சலமும் சோதிப்போம். இயன்றளவு நடமாடினால் அனேகருக்குச் சில கிழமைகளில் சுகமாகும். கால் விறைத்தால், சலம் போகாவிட்டால், காய்ச்சலோடு நொந்தால் உடனே ஆஸ்பத்திரி.

காலபோகத்துக்கு உரம் இறக்கும்போது மூட்டைக்கு இரண்டு பேர் என்று கமக்காரர் அமைப்பில் இப்போதே பேசி முடிப்போம்.