"வீடியோ அனுப்பியிருக்கோமே, பாக்கலையா?" – ஒரு க்ளெய்மும் ஒரு மாத்திரையும்

1/ "வீடியோ அனுப்பியிருக்கோமே மேடம், பாக்கலையா?"

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டே ஒரு குடும்பம் இரண்டு மாதம் அலைந்தது. அதில் ஒருத்தர் உயிருக்கே ஆபத்து வரப் பார்த்தது. எப்படின்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையாகப் படிங்க.

2/ அறுபதைத் தாண்டியவர். மாரடைப்பு. வேறொரு மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். கேஷ்லெஸ் கிடைக்கவில்லை. மனைவி நகையை அடகு வைத்து முழுப் பணத்தையும் கட்டினார். "ரீஇம்பர்ஸ்மென்ட்ல வாங்கிக்கலாம்மா" என்றார்கள். எப்படி வாங்குறதுன்னு கேட்டதற்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது.

3/ அது ஸ்கிரீன் ரெக்கார்டிங் வீடியோ. ஊழியர் ஒருவர் தன் கம்ப்யூட்டரில் க்ளெய்ம் போடுவதைத் திரையோடு பதிவு செய்து பேசியிருக்கிறார். 14 நிமிடம். முழுக்க ஆங்கிலம். அந்தம்மா கையில் இருப்பதோ செல்போன். வீடியோவில் பளிச்சென்று தெரியும் பட்டன், அவங்க போனில் மேலே இருக்கிற மூணு கோட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு.

4/ பக்கத்து வீட்டுப் பையனை வைத்து டிஸ்சார்ஜ் சம்மரியையும் பில்லையும் ஏற்றிவிட்டார்கள். மருத்துவமனை நிரப்பித் தர வேண்டிய 'பார்ட் பி' படிவம் போகவில்லை. ஸ்டென்ட் ஸ்டிக்கரும் போகவில்லை.

இதைக் கேட்டு கம்பெனி கேள்வி அனுப்பியது. எங்கே? ஆப்புக்குள்ளேயே! அதைத் திறந்து பார்க்கணும்னு இவங்களுக்கு யாரும் சொல்லல. வீடியோ 'சப்மிட்' பட்டனோடு முடிந்துவிட்டது.

5/ இரண்டு மாதம் கழித்து என்னிடம் செக்கப்புக்கு வந்தார்கள். மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். ஒன்று குறைந்தது.

"அது விலை கூட டாக்டர். க்ளெய்ம் பணம் வந்ததும் ஆரம்பிச்சுக்கலாம்னு போன வாரம் நிறுத்திட்டோம்" என்றார் அந்தம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

6/ ஏன்னு தெரிஞ்சுக்கோங்க. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரல், டிகாக்ரலார் போன்ற இன்னொரு மாத்திரையும் தருவோம். பொதுவாக ஒரு வருடம். முதல் மாதங்களில் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அந்த அடைப்பு ஆளையே கொண்டுபோய்விடும்.

அன்றைக்கே மறுபடி ஆரம்பித்தோம். தப்பித்தார்.

7/ "டாக்டருக்கு எதுக்கு இன்சூரன்ஸ் வீடியோ பஞ்சாயத்து?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பணம் வராவிட்டால் முதலில் நிற்பது மாத்திரை. அப்புறம் செக்கப். அப்புறம் மனுஷன்.

8/ நான் வீடியோவுக்கு எதிரி இல்லை. தெளிவாகவே சொல்லிடறேன்.

போனில் பத்து முறை சொல்வதை விட ஒருமுறை கண்ணில் காட்டுவது மேல். ராத்திரி 11 மணிக்கும் பார்க்கலாம். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். துபாயில் இருக்கிற மகனும் பார்த்துவிட்டு அம்மாவுக்கு உதவலாம். நல்ல கருவிதான்.

9/ என் சண்டை, அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதோடு. வாடிக்கையாளருக்குப் புரிய வைக்க அல்ல. "நாங்க சொல்லிட்டோம்" என்று காட்டிக்கொள்ள. லிங்க் அனுப்பியதோடு அவர்கள் கடமை முடிந்தது. இனி புரியலைன்னா அது உங்க தப்பு!

சொல்வது வேறு, புரிவது வேறு. மருத்துவத்தில் இதைப் பட்டுப் பட்டுத்தான் கற்றோம்.

10/ மருத்துவர்கள் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகளுக்கு உடனே மறந்துவிடுகிறது என்று 2003இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஒரு கட்டுரை சொல்கிறது. எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசியே இந்தக் கதி. 14 நிமிட ஆங்கில வீடியோவில் என்ன மிஞ்சும்?

11/ இன்னொரு உதாரணம் இன்ஹேலர். 1975 முதல் 2014 வரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சரியாகப் பயன்படுத்தியவர்கள் 31 சதவீதம்தான். நாற்பது வருடத்தில் பெரிய முன்னேற்றம் இல்லை.

"இன்ஹேலர் அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டால் எல்லாரும் "தெரியும் டாக்டர்" என்பார்கள். "எங்க, அடிச்சுக் காட்டுங்க" என்றால்தான் உண்மை தெரியும். அதனால் இப்போது செய்துகாட்டச் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

12/ நானும் யோக்கியன் இல்லை. லேப் ரிப்போர்ட்டை போனில் எடுப்பது எப்படி, சுகர் அளவை எங்களுக்கு அனுப்புவது எப்படி என்று என் கிளினிக்கில் 11 நிமிட வீடியோ போட்டேன். பெருமையாக எல்லாருக்கும் அனுப்பினேன். போன் அழைப்புகள் குறையவே இல்லை. "ஜனங்க பாக்கறதே இல்ல" என்று திட்டினேன்.

13/ ஒருநாள் 70 வயது பாட்டி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவங்க போனிலேயே அதைப் போட்டுப் பார்த்தேன்.

"நீங்க வெடுக்கு வெடுக்குன்னு போறீங்க தம்பி. அந்த அம்புக்குறி எங்க போச்சுன்னே தெரியல" என்றார்.

முழுசாகப் பார்த்திருக்கிறார். நான்தான் அவருக்காக எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்ததை எனக்கே காட்டி எடுத்திருக்கிறேன். பிறகு அதை ஐந்து துண்டாக, போன் திரையிலேயே, மெதுவாக மறுபடி எடுத்தோம்.

14/ அதனால் கம்பெனிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் லிங்க் அனுப்பும் எல்லா அலுவலகங்களுக்கும் சொல்கிறேன்:

✅ ஒரு வேலைக்கு ஒரு வீடியோ. இரண்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.
✅ மக்கள் போனில் செய்வதைப் போன் திரையிலேயே காட்டுங்க.
✅ தமிழில் பேசுங்க. பட்டனில் இருக்கும் ஆங்கிலச் சொல்லை அப்படியே வாசித்து, அர்த்தத்தையும் சொல்லுங்க.

15/ ✅ முதல் வரியிலேயே தேவையான காகிதங்களைச் சொல்லிடுங்க. பாதி வழியில் "இப்போது கேன்சல் செய்த செக்கை ஏற்றவும்" என்றால் அந்தம்மா எங்கே போவாங்க?
✅ 'சப்மிட்'டோடு முடிக்காதீங்க. கேள்வி வந்தால் எங்கே தெரியும், எத்தனை நாளில் பதில் தரணும் என்பதுதான் முக்கியமான காட்சி.
✅ ஆப்பை மாற்றினால் அன்றைக்கே வீடியோவையும் மாற்றுங்க. பழைய வீடியோ காலாவதியான மருந்து மாதிரி.

16/ ✅ உண்மையான நோயாளியின் கணக்கைத் திறந்து வைத்துப் பதிவு செய்யாதீங்க. ஒரு வீடியோவில் ஒருவரின் பெயர், நோய், பாலிசி எண் எல்லாம் தெரிந்ததை நானே பார்த்தேன். அவர் அனுமதி கொடுத்தாரா? மாதிரிப் பெயரைப் போட்டு எடுங்க.
✅ கடைசியில் ஒரு போன் நம்பர். எடுத்துப் பேசுவது மனுஷனாக இருக்கணும்.

17/ "ஒவ்வொருத்தருக்கும் ஆள் போட்டால் கட்டுப்படியாகுமா டாக்டர்?" என்பார்கள்.

ஒவ்வொருத்தருக்கும் கேட்கவில்லை. நல்ல வீடியோ போட்டால் பெரும்பாலானவர்கள் தாங்களே முடித்துக்கொள்வார்கள். மிஞ்சுகிறவர்கள் முதியவர்கள், எழுத்து தெரியாதவர்கள், கண் மங்கியவர்கள். நோய் அதிகம் வருவதும் அவர்களுக்குத்தான். அவர்களுக்காக ஆள் வைக்க முடியாது என்றால், பிரீமியம் வாங்கும்போது மட்டும் வீட்டுக்கே ஆள் வந்தது எப்படி?

18/ இனி உங்களுக்கு. ரீஇம்பர்ஸ்மென்ட் க்ளெய்முக்குப் பொதுவாகக் கேட்பவை:

📌 க்ளெய்ம் படிவம் பார்ட் ஏ (நீங்க நிரப்புவது), பார்ட் பி (மருத்துவமனை நிரப்புவது)
📌 டிஸ்சார்ஜ் சம்மரி
📌 விவரமான பில், பணம் கட்டிய ரசீது
📌 மருந்துச் சீட்டும் மருந்து பில்லும்
📌 டெஸ்ட் ரிப்போர்ட்கள்
📌 ஸ்டென்ட் போன்றவை வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர், பில்
📌 கேன்சல் செய்த செக், அடையாள அட்டை

டிஸ்சார்ஜ் அன்றைக்கே பார்ட் பி, ஸ்டிக்கர் இரண்டையும் கேட்டு வாங்குங்க. பிறகு அலைவது கொடுமை.

19/ கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள்.

20/ ஒரு எச்சரிக்கை. வீடியோ புரியாமல் தவிக்கும்போதுதான் "நான் உதவுறேன், இந்த ஆப்பைப் போடுங்க, உங்க ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்க" என்று ஒருத்தன் கூப்பிடுவான். பதிவு செய்த வீடியோவில் நீங்க அவங்க திரையைப் பார்க்கறீங்க. ஸ்கிரீன் ஷேரில் அவன் உங்க திரையைப் பார்க்கிறான். ஓடிபி உட்பட! இந்த வகை ஆப்கள் பற்றி 2019லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்க.

21/ வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, "அதெல்லாம் ஈஸிம்மா, ஆப்லயே இருக்கு" என்று போனை வைக்காதீங்க. இப்போதைய போன்களில் ஸ்கிரீன் ரெக்கார்டர் உள்ளேயே இருக்கு. உங்க குரலில், உங்க அம்மாவுக்குப் புரியும் பேச்சில் இரண்டு நிமிடம் எடுத்து அனுப்புங்க. எடுக்கும்போது நோட்டிஃபிகேஷனை அணைத்து வைங்க. அனுப்பிய பிறகு கூப்பிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீங்க. "எங்க, இப்ப செஞ்சு பாரு, நான் லைன்ல இருக்கேன்" என்று சொல்லுங்க.

22/ அந்தக் குடும்பத்துக்கு எங்க கிளினிக் நர்ஸ் சகோதரி அரை மணி நேரம் கூட உட்கார்ந்தார். விடுபட்ட இரண்டு காகிதங்களும் போயின. அடுத்த மாதம் பணம் வந்தது, கொஞ்சம் பிடித்தம் போக. நகையை மீட்டுவிட்டார்கள்.

அரை மணி நேர வேலை. அதை மிச்சப்படுத்தத்தான் அந்த 14 நிமிட வீடியோ.

வீட்டில் யாருக்காவது க்ளெய்ம் நிலுவையில் இருந்தால் இன்றைக்கே ஆப்பைத் திறந்து கேள்வி ஏதும் வந்திருக்கான்னு பாருங்க. மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க.