தோற்கப்போகிறவருக்கும் சம களம் வேண்டும்

2022 அக்டோபர் 19 அன்று காங்கிரஸ் தலைவர் தேர்தல் முடிவு வெளியானபோது யாரும் வியப்படையவில்லை. மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897 வாக்குகள், சசி தரூருக்கு 1,072 வாக்குகள், செல்லாதவை 416. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நேரு குடும்பத்தைச் சேராத ஒருவர் அந்தக் கட்சிக்குத் தலைவரானார். கட்சியினரில் மிகப் பெரும்பாலோர் யாரை விரும்பினார்களோ அவரே வென்றார். அந்த முடிவில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. முடிவு சரியாக இருந்துவிட்டதால் அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் நடந்ததும் சரி என்று ஏற்க முடியாது என்பதே நம் நிலை. மேலிடத்தின் ஆசி இல்லாமல் நிற்பவரை நம் கட்சிகள் எப்படி நடத்துகின்றன என்பதை அந்த மூன்று வாரங்கள் காட்டின. அதை மறக்காமலிருப்பது எல்லாக் கட்சித் தொண்டர்களுக்கும் நல்லது.

போட்டியிட்ட இருவரின் பின்னணியும் வேறு வேறு. கார்கே ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்சியில் உழைத்தவர். கர்நாடகத்தில் ஒன்பது முறை சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து அடிமட்டத் தொண்டராகத் தொடங்கி மேலே வந்தவர். தரூரோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகளை ஐ.நா. சபையில் கழித்துவிட்டு, 2009 தேர்தலின்போது கட்சிக்கு வந்தவர். திருவனந்தபுரத்தில் அதற்குள் மூன்று முறை தொடர்ந்து வென்றிருந்தும் கட்சிக்குள் பலருக்கு அவர் வெளியாளாகவே இருந்தார். கட்சி அமைப்பைச் சீர்திருத்த வேண்டும் என்று 2020இல் சோனியா காந்திக்குக் கடிதம் எழுதிய 23 தலைவர்களில் அவரும் ஒருவர். அந்த 23 பேரில் ஆனந்த் சர்மா, பூபிந்தர் சிங் ஹூடா போன்றோர்கூட வேட்புமனுத் தாக்கலன்று கார்கேவின் பக்கம் நின்றார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அதிகாரபூர்வ வேட்பாளர் என்று யாரும் கிடையாது, தலைமை நடுநிலை வகிக்கும் என்று கட்சி மீண்டும் மீண்டும் சொன்னது. காகிதத்தில் விதிகளும் நன்றாகவே இருந்தன. பொதுச்செயலாளர்களோ மாநிலத் தலைவர்களோ எவருக்கும் ஆதரவாகப் பிரசாரம் செய்யக்கூடாது, செய்ய விரும்பினால் பதவி விலகிவிட்டுச் செய்ய வேண்டும் என்று கட்சியின் மத்திய தேர்தல் குழு சுற்றறிக்கை அனுப்பியது. தீபேந்தர் ஹூடா, கௌரவ் வல்லப், சையத் நசீர் உசேன் ஆகிய மூவரும் செய்தித் தொடர்பாளர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகே கார்கேவுக்காகக் களமிறங்கினார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் மாநிலங்களில் நடந்தது வேறு. கார்கே போன இடமெல்லாம் மாநிலத் தலைவர்கள் வரவேற்று, மேடையில் உடன் அமர்ந்து, கூட்டம் கூட்டினார்கள். தரூர் போனபோது அவர்களில் பலர் ஊரிலேயே இல்லை. இந்த வேறுபாட்டை அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய சொந்த மாநிலமான கேரளத்தின் கட்சித் தலைவரே கார்கேவுக்கு ஆதரவாகப் பேசினார். ராஜஸ்தான் முதல்வராக இருந்த அசோக் கெலாட் கார்கேவுக்கு வாக்குக் கேட்டுக் காணொளி வெளியிட்டார். விதியை மீறியதாக எவர் மீதும் நடவடிக்கை பாய்ந்ததாகத் தெரியவில்லை.

சென்னையில் நடந்ததைத் தமிழ்நாட்டுக் காங்கிரஸார் மறந்திருக்க முடியாது. இந்த மாநிலத்தில் எழுநூறுக்கும் மேற்பட்டோருக்கு வாக்குரிமை இருந்தது. தரூர் கட்சியின் மாநிலத் தலைமையகமான சத்தியமூர்த்தி பவனுக்கு வந்தபோது அவரைக் காண வந்த வாக்காளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வராதவர்கள் எல்லோரும் கார்கேவை மனதார விரும்பியவர்கள் என்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வேட்பாளரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டாலே ‘அந்தக் கோஷ்டி ஆள்’ என்ற முத்திரை விழும், அடுத்த முறை சீட்டும் பதவியும் கைநழுவும் என்ற அச்சம் நம் கட்சி அலுவலகங்களில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பது அரசியலில் இருக்கும் எவருக்கும் தெரியும். வாக்குப்பெட்டியை எவ்வளவு பத்திரமாகப் பூட்டினாலும், வாக்காளர் இந்த அச்சத்தோடு வந்தால் அந்தத் தேர்தல் பாதி நடந்ததாகவே பொருள்.

வாக்காளர் பட்டியலும் சிக்கலாகவே இருந்தது. தனக்கு முதலில் கிடைத்த பட்டியலில் தொலைபேசி எண்களே இல்லை, பின்னர் வந்த பட்டியலுக்கும் முதல் பட்டியலுக்கும் வேறுபாடுகள் இருந்தன என்றார் தரூர். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் தேர்தலில், கையில் எண்கள் இல்லாத வேட்பாளர் அவர்களை எப்படி அணுகுவார்? மேலிடத்துக்கு வேண்டியவருக்குப் பட்டியலே தேவைப்படாது. மாவட்டம்தோறும் நிர்வாகிகளே அவருக்காகப் பேசிவிடுவார்கள். பட்டியலை மட்டுமே நம்பியிருக்க வேண்டியவர் வெளியிலிருந்து வந்தவர்தான்.

வாக்குச்சீட்டிலும் ஒரு குளறுபடி நடந்தது. விரும்பும் வேட்பாளரின் பெயருக்கு எதிரே ‘1’ என்று எழுத வேண்டும் என்று முதலில் அறிவித்தார்கள். சீட்டில் கார்கேவின் வரிசை எண் 1, தரூரின் வரிசை எண் 2. ‘1’ என்று எழுதச் சொன்னால் முதல் பெயருக்கு வாக்களிக்கச் சொல்வதாகவே பலர் எடுத்துக்கொள்வார்கள் என்று தரூர் தரப்பு ஆட்சேபித்த பிறகு, டிக் அடித்தால் போதும் என்று மாற்றினார்கள். இதில் சதி இருந்தது என்று நாம் சொல்லவில்லை. போட்டியே இருக்காது என்று நினைத்து ஏற்பாடு செய்பவர்களுக்கு இப்படிப்பட்ட குறைகள் கண்ணில் படுவதில்லை. எதிரே ஒருவர் நிற்கிறார் என்ற நினைப்பே இல்லாமல் நடத்தப்படும் தேர்தலில் கவனக்குறைவும் ஒருதலைப்பட்சமாகவே முடியும்.

வாக்கு எண்ணும் நாளில், உத்தரப் பிரதேசத்தில் பெட்டிகளின் முத்திரையிலும் வாக்குப்பதிவிலும் முறைகேடு நடந்ததாகத் தரூரின் முகவர் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்தார். தேர்தல் குழுத் தலைவர் மதுசூதன் மிஸ்திரி அதை ஏற்கவில்லை. புகார் சரியா தவறா என்பது இன்று முக்கியமில்லை. கட்சித் தலைமையால் நியமிக்கப்பட்ட கட்சிக்காரரே நடுவராக இருக்கும்வரை, அவர் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் தோற்றவருக்கு நம்பிக்கை வராது. எல்லா மாநிலச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்து எண்ணி, எந்த மாநிலம் யாருக்கு வாக்களித்தது என்று தெரியாமல் காத்தது நல்ல நடைமுறை. அதே அக்கறையை மற்ற கட்டங்களிலும் காட்டியிருக்கலாம்.

மேலிடத்தின் ஆசி இல்லாதவரை ஓரங்கட்டும் பழக்கம் காங்கிரஸுக்குப் புதிதில்லை. 1939இல் காந்தியின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவை இருநூறு வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றவர் சுபாஷ் சந்திர போஸ். செயற்குழுவைக் காந்தியின் விருப்பப்படியே அமைக்க வேண்டும் என்று திரிபுரி மாநாட்டில் தீர்மானம் போட்டு அவருடைய கைகளைக் கட்டினார்கள். சில வாரங்களில் அவர் பதவி விலகினார். 1997இல் சீதாராம் கேசரியை எதிர்த்த சரத் பவாருக்கு 882 வாக்குகளும் ராஜேஷ் பைலட்டுக்கு 354 வாக்குகளும் கிடைத்தன. 2000இல் சோனியா காந்தியை எதிர்த்த ஜிதேந்திர பிரசாதாவுக்குக் கிடைத்தவை 94. இவற்றோடு ஒப்பிட்டால் தரூர் பெற்ற ஆயிரத்துச் சொச்சம் வாக்குகள் சிறியவையல்ல. அச்சத்தையும் மீறி வாக்களித்த அந்த ஆயிரம் பேருக்குக் கட்சி என்ன பதில் சொன்னது? நான்கே மாதத்தில், 2023 பிப்ரவரியில் ராய்ப்பூரில் கூடி, செயற்குழுவுக்குத் தேர்தலே வேண்டாம், தலைவரே நியமிக்கட்டும் என்று முடிவெடுத்தது. 12 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று கட்சியின் அமைப்பு விதி சொல்லியும் இதுதான் நடந்தது. பின்னர் தரூருக்குச் செயற்குழுவில் இடம் கொடுத்தார்கள். நியமனமாக வரும் இடம், தேர்தலில் நின்று பெறும் உரிமைக்கு ஈடாகாது.

எதிர்வாதத்தையும் பார்க்க வேண்டும். கொடி கட்டி, சுவரொட்டி ஒட்டி, வழக்கு வாங்கி, சிறைக்கும் போய் முப்பது நாற்பது ஆண்டு உழைத்தவர் இருக்க, நேற்று வந்தவருக்கு நாற்காலியா என்று தொண்டர் கேட்கிறார். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. பணத்தையோ சினிமாப் புகழையோ மூலதனமாக வைத்து, தேர்தலுக்கு முதல் நாள் கட்சியில் சேர்ந்து சீட்டு வாங்கிப் போகும் ‘பாராசூட்’ வேட்பாளர்களால் காயப்பட்டவர் அவர். ஆனால் அந்தப் பாராசூட் வேட்பாளரை இறக்குவது யார்? தொண்டரிடம் கேட்காமல் மேலிடம்தான் இறக்குகிறது. மேலிடம் விரும்பினால் நேற்று வந்தவருக்கும் சிவப்புக் கம்பளம், விரும்பாவிட்டால் பதிமூன்று ஆண்டு உழைத்தவரும் வெளியாள். உழைப்பின் பெயரால் மூடப்படும் கதவு உழைப்பாளிக்காகத் திறப்பதில்லை. தொண்டர் தன் வாக்கை யாருக்கு வேண்டுமானாலும் போடட்டும், அது அவர் உரிமை. நிர்வாகி தன் பதவியை ஒரு தரப்புக்குப் பயன்படுத்துவதற்கு அப்படி எந்த உரிமையும் இல்லை.

இந்த நோய் இந்தியாவில் மட்டும் இல்லை. 2016இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியில் ஹிலாரி கிளின்டனை எதிர்த்து நின்ற பெர்னி சாண்டர்ஸ், நாடாளுமன்றத்தில் சுயேச்சையாகவே பல ஆண்டுகள் இருந்தவர். கட்சியின் தேசியக் குழு நடுநிலை வகிக்க வேண்டும் என்று அதன் சாசனமே சொல்கிறது. ஆனால் 2016 ஜூலையில் அம்பலமான மின்னஞ்சல்களில், அவருடைய மத நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கலாமா என்று குழுவின் அதிகாரி ஒருவரே யோசனை சொல்லியிருந்தார். குழுத் தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் பதவி விலகினார். கட்சி சாண்டர்ஸிடம் மன்னிப்புக் கேட்டது. ஹிலாரி சுமார் 37 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார், ஒருதலைப்பட்சம் இல்லாமலேயே அவர் வென்றிருக்கக் கூடும். இருந்தும் அந்த வெற்றியில் கறை படிந்தது. ஆனால் அந்தக் கட்சி அதோடு நின்றுவிடவில்லை. மக்கள் வாக்கால் வராமல் பதவியின் பேரில் வாக்குரிமை பெற்ற எழுநூறுக்கும் மேற்பட்ட பெருந்தலைகள், போட்டி முடிவாகாத முதல் சுற்றில் வாக்களிக்கக்கூடாது என்று 2018இல் விதியைத் திருத்தியது. தோற்றவரின் குறையைக் கேட்டு விதியை மாற்றுவதே கட்சிக்கு அழகு.

காங்கிரஸையாவது குறை சொல்ல முடிகிறது, அங்கே ஒரு போட்டி நடந்தது. பாரதிய ஜனதாவில் 1980இலிருந்து தலைவர் பதவிக்கு வாக்குப்பதிவே நடந்ததில்லை. தரூர் ஊர் ஊராக அலைந்த அதே 2022 அக்டோபரில், திமுக தலைவராக மு.க. ஸ்டாலின் மீண்டும் போட்டியின்றித் தேர்வானார். அதற்கு மூன்று மாதம் முன்பு அதிமுக பொதுக்குழு, பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்பவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும், அவர் தலைமைக் கழக நிர்வாகியாக ஐந்து ஆண்டு இருந்திருக்க வேண்டும் என்று விதி செய்தது. அடுத்த மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றி வந்தார். அடிப்படை உறுப்பினரே பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுப்பார் என்று எம்.ஜி.ஆர். பெருமையோடு எழுதிவைத்த கட்சியில், இத்தனை மாவட்டச் செயலாளர்களின் தயவில்லாமல் ஒருவர் மனுவே கொடுக்க முடியாது. இன்று நம் கட்சிகளில் ‘ஒருமனதாக’ நடக்கும் தேர்வுகளில் பல, மாற்று மனம் உள்ளே வராதபடி பார்த்துக்கொண்டதால் வந்தவை.

கட்சியின் வீட்டு விவகாரம் என்று இதை விட்டுவிடவும் முடியாது. 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவி இழக்கிறார். அவையில் மாறுபட்டு வாக்களிக்கும் வழி அடைபட்டுவிட்டதால், மாற்றுக் கருத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே இடம் கட்சிக்குள்தான். அதையும் அடைத்துவிட்டால் நாட்டின் கொள்கைகளை நான்கைந்து பேர் மட்டுமே தீர்மானிப்பார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்யச் சொல்கிறதே தவிர, உள்ளே நியாயமாகத் தேர்தல் நடத்தவில்லை என்றால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. பதிவை ரத்து செய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு மிக அரிதான சூழல்களில் மட்டுமே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டக் கட்டாயமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999இலேயே தன் 170ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சியும் அதைச் சட்டமாக்கவில்லை. ஜெர்மனியில் கட்சியின் உள்ளமைப்பு ஜனநாயக நெறிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று அரசியல் சாசனமே கூறுகிறது.

நாம் கேட்பவை பெரிய புரட்சிகள் இல்லை. முகவரியும் தொலைபேசி எண்ணும் அடங்கிய வாக்காளர் பட்டியல், மனு ஏற்கப்பட்ட அன்றே எல்லா வேட்பாளருக்கும் ஒரே வடிவில் கிடைக்க வேண்டும். கட்சி அலுவலகம் அனைவருக்கும் ஒரே அளவில் திறந்திருக்க வேண்டும், கூட்டத்துக்கான அழைப்பைக் கட்சியே அனுப்ப வேண்டும். நடுநிலை மீறும் நிர்வாகியைத் தேர்தல் முடியும் வரையாவது பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி போன்ற வெளிநபர் ஒருவர் தேர்தலை நடத்த வேண்டும். வேட்புமனுவுக்கான தகுதிகளைத் தேர்தல் நெருங்கும் வேளையில் மாற்றக்கூடாது. எதிரணியில் நின்றதற்காக ஒருவருக்குச் சீட்டு மறுக்கப்படாது என்று வென்றவர் வாயால் உறுதி சொல்ல வேண்டும். இவற்றில் எதற்கும் நாடாளுமன்றம் சட்டம் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்சிகள் நினைத்தால் நாளையே தொடங்கலாம்.

நாட்டில் ஜனநாயகத்தைக் காப்பாற்றப் போவதாக ஒவ்வொரு கட்சியும் மேடைதோறும் சூளுரைக்கிறது. வெல்ல வாய்ப்பே இல்லாத ஒரு சக தோழரிடம் நியாயமாக நடந்துகொள்ளக் கட்சிக்கு ஆகும் செலவு ஏதுமில்லை. அதைக்கூடச் செய்யத் தயங்கும் கட்சி, ஆட்சிக்கு வந்தபின் எதிர்க்கட்சியையும் மாற்றுக் கருத்தையும் நியாயமாக நடத்தும் என்று வாக்காளர் நம்ப வேண்டிய அவசியமில்லை. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் வாக்குறுதிப் பட்டியலோடு இதையும் கேளுங்கள்: உங்கள் கட்சியில் தலைமையை எதிர்த்து நின்றவர் யார், அவருக்குக் கட்சி என்னென்ன கொடுத்தது, இன்று அவர் எங்கே இருக்கிறார்?